ஃபிர்மின் கழற்றிக் கொடுத்த சக்கரம்

கோதலீவின் சமையலறையில், அடுப்பை ஒட்டிய மேடையில், கனத்த கண்ணாடிப் பூச்சாடி ஒன்று நிற்கிறது. ஒற்றைக் கையால் தூக்கினால் மணிக்கட்டு பிசகிவிடும். அதற்குள் மரக்கரண்டிகள், முட்டை அடிக்கும் கம்பி, மாவு உருட்டும் கட்டை. அவருடைய திருமணத்துக்கு ஃபிர்மின் லாமர்டைன் ரசிகர் மன்றம் கொடுத்த பரிசு அது. மாப்பிள்ளை ஃபிர்மின் இனிமேல் சைக்கிள் பந்தயங்களில் ஜெயித்துக்கொண்டு வரப்போகிற பூச்செண்டுகளை வைப்பதற்கு.

ஃபிர்மின் பதின்மூன்று வருடம் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டினார். ஒரு பூச்செண்டும் வரவில்லை.

இப்படி ஆரம்பித்தால் இது சோகக் கதை என்று நினைத்துவிடுவீர்களோ என்று கொஞ்சம் பயமாக இருக்கிறது. இல்லை. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் சுவர் வழியாகச் சண்டை கேட்டிருக்கிறேன், வானொலி கேட்டிருக்கிறேன். ஆனால் அதிகம் கேட்டது கோதலீவின் சிரிப்பு. இரும்பு வாளியைப் படிக்கட்டில் உருட்டிவிட்டது போன்ற சிரிப்பு.

எங்கள் ஊரான வின்தெர்பேகெயில் ஒருவன் தொழில்முறை சைக்கிள் வீரனாகிவிட்டால் முதலில் நடப்பது ரசிகர் மன்றம் தொடங்குவது. ஏதாவது ஒரு கஃபேயின் பின்னறையில் கூடுவார்கள், சுவரில் படத்தை மாட்டுவார்கள், வருடத்துக்கு ஒரு முறை சாசேஜும் பீருமாக விருந்து வைப்பார்கள். ஃபிர்மினுக்கு மன்றத் தலைவராக வாய்த்தவர் கசாப்புக்கடை வால்தெர். திருமண விருந்தில் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். சின்னதாக வாங்கியிருந்தால் பிறகு வருடாவருடம் புதிது வாங்க வேண்டியிருக்கும், அதனால்தான் இவ்வளவு பெரியது என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டு வருடம் சாடி கூடத்து அலமாரி மேல் காலியாக நின்றது. மூன்றாவது வருடம் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது கரண்டிகளுக்கு இடமில்லாமல் போனது. சும்மாதானே நிற்கிறது என்று கோதலீவ் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை இறைச்சி கொடுக்க வந்த வால்தெர் பார்த்துவிட்டார். முகம் தொங்கிப்போய்விட்டதாம்.

"பூ வந்ததும் கரண்டிய எடுத்துர்றேன் அண்ணே," என்றார் கோதலீவ். "நீங்க அதுக்காக மூஞ்சிய தூக்கி வச்சுக்காதீங்க."

பூ ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய காரணமில்லை. ஃபிர்மினின் வேலை அது இல்லை. ஒவ்வொரு அணியிலும் ஒரு தலைவர் உண்டு. மீதிப்பேர் அவருடைய வேலைக்காரர்கள். இங்கே யாரும் அந்தச் சொல்லை மென்று விழுங்குவதில்லை. தச்சர், ரொட்டிக்காரர் என்பது போல, வேலைக்காரர். எதிர்க்காற்று அடித்தால் தலைவருக்கு முன்னால் போய் காற்றை நெஞ்சில் வாங்க வேண்டும். தாகமெடுத்தால் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அவருடைய டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்க வேண்டும். தலைவர் ஜெயித்தால் வேலைக்காரரும் ஜெயித்த மாதிரிதான். பூச்செண்டு மட்டும் ஒன்றுதான் தருவார்கள்.

அவருடைய தலைவர் எதியென் கஸ்டலைன். உயரமானவர், அழகானவர், கொஞ்சம் வாய் நீளம். நல்ல மனிதர். எதியென் ஜெயித்த பந்தயங்களை எண்ணி முடியாது. அவற்றில் பாதியில் கடைசி மலையடிவாரம் வரை அவருக்கு முன்னால் குனிந்துகொண்டு போனது ஃபிர்மினின் முதுகு.

ஆரம்ப காலத்தில் தண்ணீர் பாட்டில் கொடுக்க இவ்வளவு வண்டிகள் கிடையாது. வெயில் நாளில் வழியில் கஃபே தெரிந்தால் வேலைக்காரர்கள் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே பாய்வார்கள். கையில் அகப்பட்டது லெமனேடோ பீரோ, சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். ஒரு முறை ஃபிர்மின் அவசரத்தில் ஒரு பாட்டில் வினிகரைத் தூக்கி வந்துவிட்டார். எதியென் நம்பிக்கையோடு பெரிய மடக்காகக் குடித்தார். அன்று எதியென் ஓட்டியது போல் அந்த வருடம் முழுக்க ஓட்டவில்லை என்று ஃபிர்மின் சொல்வார்.

ஆனால் அவருடைய பெயர் நிலைத்தது சக்கரம் கழற்றுவதில். டயர் வெடித்து எதியென் கையைத் தூக்கினால் போதும். கை கீழே இறங்குவதற்குள் ஃபிர்மினின் முன்சக்கரம் அவருடைய சைக்கிளில் இருக்கும். மற்ற அணித் தலைவர்கள் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களாம். கோதலீவ் இதை யார் இருந்தாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்.

"சட்ட பட்டன் ஒண்ண கழட்ட அர மணி நேரம் எடுத்துக்குவான். சக்கரம்னா மட்டும் மின்னல்."

ஃபிர்மினின் காது மடல்கள் சிவந்துபோகும். இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

ஒரே ஒரு முறை பூ பக்கத்தில் வந்தது. பிரான்சு எல்லைக்கு அருகே ஒரு பந்தயத்தில் ஃபிர்மின் தனியாக முன்னால் போய்விட்டார். பின்னால் யாரும் கண்ணில் தெரியவில்லை. அணியின் கார் பக்கத்தில் வந்தது. கண்ணாடியை இறக்கி, எதியென் துரத்திக்கொண்டு வருகிறான், நின்று கூட்டிக்கொண்டு போ என்றார்கள். நின்றார். அன்று மாலை எதியென் தன் பூச்செண்டோடு நேராக இந்த வீட்டுக்கு வந்து கோதலீவிடம் நீட்டினார். இது உன் வீட்டுக்காரனுக்கு வர வேண்டியது என்றார்.

"அடுத்தவன் ஜெயிச்ச பூவ அதுல வச்சா நான் கரண்டிய எங்க வைக்கிறது?" என்று கேட்டு, கோதலீவ் அவருக்குப் பாயசம் கொடுத்து அனுப்பிவிட்டார். குங்குமப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்ட அரிசிப் பாயசம். எதியென் அதைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போனார். கிண்ணம் திரும்பி வரவில்லை என்பது கோதலீவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஃபிர்மினின் முழங்கால் கெட்டுப்போன வருடம், அந்த ஆகஸ்டில் நடக்கும் எங்கள் ஊர்த் திருவிழாப் பந்தயத்தோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவானது. விடைபெறுகிற வீரனை அவன் சொந்த ஊரில் ஜெயிக்கவிடுவது இங்கே வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். எதியென் ஒவ்வொரு அணியாகப் போய்ப் பேசினார். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு வெயிலில் ஃபிர்மினின் பாட்டிலில் வாய் வைக்காதவன் யாருமில்லை.

திட்டம் எளிதானது. கடைசிச் சுற்றில் காற்றாலையைத் தாண்டியதும் ஒரு வளைவு, இரு பக்கமும் பீட்ரூட் வயல். அங்கே ஃபிர்மின் எழுந்து மிதிப்பார். மற்றவர்கள் துரத்தாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரகசியம் என்று பெயர். ஆனால் வால்தெர் ஒரு மாதத்துக்கு முன்பே கிளாடியோலஸ் பூச்செண்டுக்குச் சொல்லிவிட்டார், ஆளுயரத்துக்கு. ஊர்ப் பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு புதிய மெட்டைப் பழகினார்கள். ரொட்டிக்கடை ஹெக்டர் சர்க்கரையில் பெரிதாக '1' என்று எழுதி ஒரு கேக் செய்து வைத்திருந்தார். இந்த ஹெக்டர்தான் பந்தயங்களில் துடைப்ப வண்டி ஓட்டுகிறவர். கூட்டத்துக்குக் கடைசியில் போய், முடியாமல் நின்றுவிட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேன் அது. முகப்பில் நிஜமாகவே ஒரு துடைப்பம் கட்டியிருக்கும்.

கோதலீவ் அன்று காலையில் கரண்டிகளையெல்லாம் எடுத்து மேசையில் போட்டார். சாடியை வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்தார். அதன் வெட்டுகளில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஊசியால் சுரண்டி எடுத்தார்.

ஃபிர்மின் இந்த ஏற்பாடு தனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பந்தயக் காலைகளில் வழக்கமாகச் சாப்பிடும் பாயசம் அன்று அவருக்கு இறங்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்:

"பூவ எந்தக் கையில புடிக்கணும்?"

"இடது கையில," என்றார் கோதலீவ். "வலது கை கையசைக்க வேணும்ல."

ஃபிர்மின் தலையாட்டினார். பிறகு காலி இடது கையை ஒரு முறை தூக்கிப் பார்த்தார். மனைவி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு செய்தார். கோதலீவ் பார்த்துவிட்டார். அந்த மனிதனுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது என்று சொல்வார்.

பந்தயம் நன்றாகத்தான் போனது. கடைசிச் சுற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் இருந்தார்கள், நடுவில் ஃபிர்மின். காற்றாலைக்கு முன்னால் செங்கல் சூளை. அங்கே மட்டும் சாலை கருங்கல் பாவியது, பல் ஆடும். அந்தக் கல்லில் எதியெனின் முன்சக்கர டயர் வெடித்தது.

எதியென் கையைத் தூக்கினார்.

தூக்கியிருக்கக் கூடாது. அவர் பேசாமல் ஓரம் கட்டியிருந்தால் போதும். ஆனால் பதின்மூன்று வருடமாக டயர் வெடித்தால் கை மேலே போகும், அன்றும் போனது. அதே பதின்மூன்று வருடமாக அந்தக் கை மேலே போனால் ஃபிர்மின் இறங்குவார். இறங்கிவிட்டார். சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. எதியெனின் சைக்கிளுக்கு முன்னால் மண்டி போட்டாகிவிட்டது.

"டேய், என்னடா பண்ற?" என்றார் எதியென். "இன்னிக்கு நீதாண்டா ஜெயிக்கணும்."

"ஏறு, ஏறு. அவனுங்க போயிட்டானுங்க."

"ஃபிர்மின், நான் சொல்றத கேளு—"

"அப்புறம் பேசு. மிதி."

சீட்டில் கை வைத்து ஓடித் தள்ளிவிட்டார். தள்ளிய வேகத்தில் எதியெனும் மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் பழக்கம்தானே. வளைவில் தலை மறைந்த பிறகுதான் ஃபிர்மின் நிமிர்ந்தார். கையில் வெடித்த சக்கரம், பக்கத்தில் முன்சக்கரம் இல்லாத சைக்கிள். வயலில் ஒரு பசு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் இன்று என்ன நாள் என்பது நினைவுக்கு வந்தது.

முன்னே போனவர்களிடம் நடந்ததை வைத்து எங்கள் ஊர் இன்னும் பத்து வருடம் சிரிக்கலாம். எதியென் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்து விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். நாட்டின் வேகமான கால்கள் அத்தனையும் தபால்காரர் போல உருண்டுகொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தன. மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர், என்ன விளையாட்டு இது, ஒருத்தனுக்கும் அடுத்த வருடம் உரிமம் கிடையாது என்று கத்தினார். சரி, யாராவது ஜெயிக்கத்தான் வேண்டும். யார்? எதியென் அந்தச் சக்கரத்தில் முதல் ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மற்றவர்களும் நீ போ, நீ போ என்றார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோருமே பிரேக் பிடித்தார்கள், ஒருவரைத் தவிர. கில்பெர்ட் என்று ஒருவர், வேறு அணியில் ஃபிர்மினைப் போலவே வேலைக்காரர், அதே வயது. அவர் ஃபிர்மின் வருகிறாரா என்று பின்னால் பார்த்துக்கொண்டே வந்ததில் மற்றவர்கள் நின்றதைக் கவனிக்கவில்லை. முகம் பின்பக்கமாகத் திரும்பியிருக்க, சைக்கிள் முன்பக்கமாக உருண்டு, கோட்டைத் தாண்டிவிட்டார். பேண்டுக்காரர்கள் புதிய மெட்டை அடித்துவிட்டார்கள்.

அதே நேரம் சூளைப் பக்கத்தில் துடைப்ப வண்டி வந்து நின்றது. ஹெக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஃபிர்மினைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"எதியெனா?"

"ம்."

"குடுத்துட்டியா?"

"கை குடுத்துருச்சு."

ஹெக்டர் சற்று நேரம் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, ஏறிக்கொள் என்று கதவைத் திறந்தார். ஃபிர்மின் ஏறவில்லை. வேனின் கூரையில், பந்தயத்தைப் பாதியில் விட்டவர்களின் சைக்கிள்கள் கட்டியிருந்தன. அதில் ஒன்றிலிருந்து ஒரு முன்சக்கரத்தைக் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஹெக்டர் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வந்தார். மகன் முதல் நாள் பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பது போல இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னாராம்.

ஊருக்குள் நுழைந்தபோது கூட்டம் கலையவில்லை. இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, சத்தமில்லாமல், செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபிர்மின் தனியாக, எல்லோருக்கும் கடைசியாக, துடைப்பம் கட்டிய வேனுக்கு முன்னால் கோட்டைத் தாண்டினார். வால்தெர் அழுதுகொண்டிருந்தார். அப்போது ஒரு வாளி படிக்கட்டில் உருண்டது. கோதலீவ் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தார். ஃபிர்மின் அவரைப் பார்த்தார். அவருக்கும் உதடு கோணியது. பிறகு ஊரே சிரித்தது. வால்தெரும்.

பந்தயம் முடிந்ததும் வீரர்கள் ஊர்க்காரர்களின் வீடுகளில்தான் குளிப்பார்கள், இன்றும். கொட்டகையிலோ சமையலறையிலோ ஒரு வாளி வெந்நீர், ஒரு துண்டு. நான் குடிவந்த முதல் ஆகஸ்டில், சேறு பூசிய ஐந்து ஆண்கள் என் கார் கொட்டகைக்குள் உடை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிடப் போனேன். கோதலீவ் சுவருக்கு மேலாக எட்டி, தொலைபேசியை வைத்துவிட்டுத் தண்ணீர் காயவை என்றார்.

ஃபிர்மின் விடைபெற்ற அன்று கோதலீவின் சமையலறையில் எதியெனும் இன்னும் சிலரும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கில்பெர்ட் வந்து வாசலில் நின்றார். ஆளுயரக் கிளாடியோலஸுக்குப் பின்னால் அவர் இருப்பதே தெரியவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் போல, பூவை மேசையில் வைத்தார். தேய்த்துப் பளபளத்த சாடி அதே மேசையில் தயாராக இருந்தது.

"இது உங்களுது," என்றார்.

கோதலீவ் பூவைப் பார்த்தார். சாடியைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி நீ எத்தன ஜெயிச்சிருக்க?"

கில்பெர்ட் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்.

"உங்க வீட்ல பாத்துருக்காங்களா இந்த மாதிரி?"

"இல்ல."

"அப்ப இங்க ஏன் நிக்கிற? வாடுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடு."

ஃபிர்மின் அப்போது வாளிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அவரும் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கில்பெர்டிடம், இடது கையில் பிடி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கரண்டிகள் சாடிக்குத் திரும்பின. வருத்தமாக இல்லையா என்று நான் ஒரு முறை கேட்டேன். கொஞ்சம் அழுததாகச் சொன்னார் கோதலீவ். "அவன் ஜெயிக்கலன்னு இல்ல. ஊசி வச்சுச் சுரண்டுனேன் பாரு, அதுக்கு." அடுத்த வாரம் எதியென் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். இன்னொரு ஊரில் இன்னொரு விடைபெறும் பந்தயம் ஏற்பாடு செய்கிறேன் என்று கெஞ்சினார். ஒரு மனிதன் எத்தனை முறை விடைபெறுவது என்று ஃபிர்மின் மறுத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் மதுபான ஆலை ஒன்றின் லாரி ஓட்டினார். கஃபேகளுக்குப் பீர்ப் பெட்டிகள் இறக்கும் வேலை. பழைய கஃபேக்காரர்கள் சிலருக்கு அவரை அடையாளம் தெரிந்தது. ஏம்பா, அன்னைக்குத் தூக்கிட்டுப் போனதெல்லாம் இன்னைக்குத்தான் கொண்டு வர்றியா என்று கேட்பார்கள். வினிகர் மட்டும் பாக்கி என்பார் இவர்.

ஹெக்டருக்குக் கண் மங்கியபோது துடைப்ப வண்டியின் சாவியை ஃபிர்மினிடம் கொடுத்தார். கடைசி எங்கே இருக்கிறது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும் என்று கேட்டாராம். ஃபிர்மின் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அது பாராட்டுத்தான்.

சுற்றுவட்டார ஊர்ப் பந்தயங்களிலெல்லாம் அந்த வேனை முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார். நானும் சில முறை பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். கடைசியாகப் போகிறவனின் முதுகில் இன்ஜின் சத்தம் விழாத தூரத்தில்தான் வருவார். ஏறுகிறவனிடம் எதுவும் கேட்க மாட்டார். ஒரு போர்வை, ஒரு துண்டு அரிசிக் கேக், அவ்வளவுதான். அழுகிறவன் அழுது முடிக்கட்டும் என்று வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். சிலரை ஏற்றிக்கொள்ளவே மாட்டார். "இப்ப ஏறாத தம்பி. அந்தத் திருப்பம் வரைக்கும் போ, அங்கேருந்து காத்து முதுகுப் பக்கம். அப்பவும் முடியலன்னா கதவு தெறந்தே இருக்கு." பக்கக் கதவின் உட்புறக் கொக்கியில், கை நீட்டினால் எட்டும் இடத்தில், எப்போதும் இரண்டு சக்கரங்கள் தொங்கும்.

கில்பெர்ட் சைக்கிளை விட்டுவிட்டு கெண்ட் நகரத்துப் பக்கம் பெகோனியாப் பூச்செடித் தோட்டம் வைத்தார். ஒவ்வொரு ஆகஸ்டும் திருவிழாவுக்கு ஒரு தட்டு நிறையத் தொட்டிச் செடிகளோடு வந்துவிடுவார். வேரோடு வருவது கணக்கில் சேராது என்று கோதலீவ் சொல்வார். சொல்லிக்கொண்டே வாங்கி ஜன்னலுக்குக் கீழே நடுவார். ஆகஸ்டில் எங்கள் தெருவில் அந்த ஒரு ஜன்னல் மட்டும் தீப்பிடித்தது போல இருக்கும்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் காப்பீட்டுக்காரர்கள், இந்த வயதில் பந்தய வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பந்தயமே கடைசி என்றானது. ரசிகர் மன்றம் இன்னும் இருக்கிறது, சீட்டு விளையாடுவதற்காக. தலைவர் இப்போது வால்தெரின் மகள் ரீட்டா. அப்பா போலவே கசாப்புக்கடை, அப்பா போலவே ஏற்பாடு. கடைசி ஆளுக்குப் பின்னால் துடைப்ப வண்டி வந்து கோட்டில் நிற்கும், ஃபிர்மின் இறங்குவார், ஊர்த் தலைவர் மேடையில் பூச்செண்டு கொடுப்பார். இந்த முறை கிளாடியோலஸ் இல்லை, வெள்ளை டேலியாக்கள். அதுவும் ஆளுயரம்.

ஃபிர்மின் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அன்று காலை சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பாயசக் கிண்ணம் பாதியில் நின்றது. கோதலீவ் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஃபிர்மின் வேனில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒழுங்கா வந்து சேரு. வழியில எவனுக்காச்சும் டயர் வெடிச்சா கண்ண மூடிக்கிட்டு ஓட்டு."

"சரி."

"சரின்னு சொல்லு."

"சொல்லிட்டேனே."

முதல் ஆள் ஜெயித்து, பரிசு வாங்கி, குளித்தும் முடித்துவிட்டார். கூட்டம் கூட்டமாக மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். துடைப்ப வண்டி வரவில்லை. மேடையில் ஊர்த் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்த ஊரில் ஒரு திறப்பு விழா. ஃபிர்மினுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, யாரையாவது அனுப்பலாமா என்று கேட்டேன். கோதலீவ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகல. எவனோ கையத் தூக்கியிருப்பான்."

கால்வாய்ப் பாலத்தில் நடந்தது பிறகு தெரிந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவன், எல்லோருக்கும் வெகு பின்னால், கல் தட்டி விழுந்து, பின்சக்கரம் கோணிப்போய் உட்கார்ந்துவிட்டான். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. வேனுக்குள் ஏறத்தான் வந்தான். ஃபிர்மின் அவனை ஏற்றவில்லை. கோடு வரைக்கும் போய்விட்டு அப்புறம் உட்கார் என்று சொல்லிவிட்டு மண்டி போட்டார். பின்சக்கரம், வயதான விரல்கள். மின்னல் எல்லாம் இப்போது இல்லை. சங்கிலி நழுவியது, மறுபடி மாட்டினார். பிறகு சீட்டில் கை வைத்து நாலடி தள்ளிவிட்டார். ஐந்தாவது அடிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

அதற்குள் ஊர்த் தலைவர் போய்விட்டார். ரீட்டா அப்பாவைப் போலவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூச்செண்டைக் கோதலீவின் மடியில் வைத்தார். நானும் கோதலீவும் அதைத் தெரு வழியாகத் தூக்கி வந்தோம். சமையலறையில் சாடி எப்போதும் போலக் கரண்டிகளோடு நின்றது.

"இந்தத் தடவ நான் கழுவல," என்றார் கோதலீவ்.

குளிப்பதற்கு வைத்திருந்த வாளியில் தண்ணீர் ஊற்றி டேலியாக்களை அதில் நிறுத்தினார். வாளி தகரம், பூ வெள்ளை. பார்க்க நன்றாகவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஃபிர்மின் வந்தார். டென்மார்க்காரன் என் கொட்டகையில் குளித்துக்கொண்டிருக்கிறான், துண்டு வேண்டும் என்றார். இஸ்திரிச் சட்டை முழுக்க கிரீஸ். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. வாளிக்கு முன்னால் வந்து நின்று, பூவைப் பார்த்தார்.

"யாருது இது?"

"உன்னுதுதான். பூவ எடுத்துட்டு அதுலயே கையக் கழுவிட்டுத் திரும்ப உள்ள வை."

ஃபிர்மின் பூச்செண்டைத் தூக்கினார். தண்ணீர் சொட்டி அவருடைய ஷூவை நனைத்தது. அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். மேசையில் கிண்ணங்களும் அரிசிக் கேக்கும் இருந்தன. பிறகு, இடது கையில் பூவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வலது கையை வாளித் தண்ணீரில் கழுவ ஆரம்பித்தார்.

கோதலீவ் சோப்பை எடுத்து நீட்டினார். சிரிக்கவில்லை, அப்போது மட்டும்.